கேட்டைத் தாண்டாத அன்னாசித் தண்ணீர்

காலை ஆறு மணி இருபத்தைந்து நிமிடத்துக்குக் காரியம் கெடத் தொடங்கியது. இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்கு என் ஞாபகசக்தி காரணம் அல்ல. எங்கள் தோட்டத்துக் கேட்டில் இருந்த போலீஸ் புத்தகத்தில் மலாயில் அப்படித்தான் எழுதினார்கள்: "ஆறு இருபத்தைந்து. பள்ளிக்கூட டீச்சர், பெண். அன்னாசித் தண்ணீர், பெரிய புட்டி ஒன்று." எழுதியதை என்னிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். தேதி போட மறந்திருந்தார்கள். அதையும் நானே போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். (வாத்தியார் வேலை ரத்தத்தில் ஊறிவிட்டால் பிடிபட்ட நேரத்திலும் நோட்டுத் திருத்தாமல் இருக்க முடியாது.)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மன்னிப்புக் கேட்கும் கட்டுரை அல்ல. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டிலும் சொந்தத்திலும் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் புட்டி பெரிதாகிறது, நான் சிறியவளாகிறேன். நடந்தது இதுதான் என்று நானே எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு மட்டும் இன்றைக்கும் எங்கேயாவது ஒரு சோடாப் புட்டி திறக்கும் சத்தம் கேட்டால் "நேராப் பிடிங்க!" என்று வாய் தானாகக் கத்திவிடுகிறது.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ரப்பர்த் தோட்டம் சிரம்பானை அடுத்த கோலா சாவா பக்கம். சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்பு லயங்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். மாலை ஆறுக்கு மூடினால் காலை ஆறுக்குத்தான் திறக்கும். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக அரிசி, மாவு, சீனி, டின் சாமான், மருந்து எதுவும் வேலியைத் தாண்டி வெளியே போகக் கூடாது. ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் மத்தியானம் திரும்பும்வரை பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்துக்கு மரம் நடக்க வேண்டும்.

இந்த உத்தரவைத் தோட்டத்து ஜனங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய புண்ணியவதி நான்தான். தோட்டத்து நிர்வாகியான வெள்ளைக்காரத் துரைக்கு ஆங்கிலத்தில் தாள் வந்தது. "டீச்சரை மொழிபெயர்க்கச் சொல்" என்றார். விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் என்னை ஏற்றிவிட்டார்கள். நான் குரலை உயர்த்தி, நிறுத்தி நிதானமாக, வகுப்பில் வாசிப்பதுபோல் வாசித்தேன். அப்போது காளியம்மா என்கிற பால் வெட்டுக்காரம்மா கையைத் தூக்கினாள்.

"டீச்சர், காப்பித் தண்ணியில கலக்கிட்டா அப்புறம் சீனி எங்கிட்டு இருக்கு? அதான் கரைஞ்சு போச்சே?"

"கரைந்தாலும் சீனி சீனிதான் காளியம்மா" என்றேன் நான், பெரிய விஞ்ஞானி மாதிரி. "கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறது. அதுவும் குற்றம்தான்."

தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாத துரை கை தட்டினார். அடுத்த நாள் காலையில் காளியம்மாவின் காப்பித் தண்ணீர் கேட்டின் ஓரத்துச் சாக்கடையில் ஊற்றப்பட்டது. பெண்களைச் சோதனை போட அஞ்சலை என்கிற லயத்துப் பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். அவளுக்குத் தடை செய்த சாமான் பட்டியலைத் தலைகீழாக ஒப்பிக்கும் அளவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நல்ல மாணவி. இன்றுவரை என்னிடம் படித்தவர்களில் அவள் அளவுக்குப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டவர்கள் குறைவு.

இப்போது என் மகள் வசந்தாவுக்கு வருகிறேன். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. சிரம்பானில் இருந்த பெண்கள் ஆங்கிலப் பள்ளியில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் சிலரைப் பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொள்வதாகத் தகவல் வந்தது. அந்த வருஷம் விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும். மறுபடி ஒரு வாய்ப்பு இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து எந்தப் பெண்பிள்ளையும் அதுவரை அந்தப் பள்ளியின் வாசலை மிதித்ததில்லை. நான் ஒரு வருஷம் முழுக்கத் தினமும் சாயங்காலம் அவளை உட்கார வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைக்கு எல்லாம் தெரியும். ஒரே ஒரு கோளாறு. பயம் வந்துவிட்டால் ஒரு பருக்கை உள்ளே இறங்காது. வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றால் மயங்கி விழுந்துவிடுவாள். பள்ளி விளையாட்டு விழாவில் ஒரு முறை, கல்வி அதிகாரி வந்தபோது அவர் காலடியிலேயே ஒரு முறை.

பயந்த நேரத்திலும் அவள் வயிறு ஏற்றுக்கொள்கிற ஒரே பொருள் நான் போடும் அன்னாசித் தண்ணீர். மழை பெய்து வாரக்கணக்காகி, வேலிக் கம்பியைத் தொட்டால் கை சுடுகிற காலம் வேறு. ஆகவே திங்கட்கிழமை காலைப் பரீட்சைக்கு நான் சனிக்கிழமை மத்தியானமே அன்னாசித் தண்ணீர் போட்டுவிட்டேன். (எதையும் முன்கூட்டியே செய்துவைப்பது என் வியாதி. பிள்ளை பிறப்பதற்கு முன்பே அவளுக்குப் பள்ளிக்கூடப் பை தைத்துவைத்தவள் நான்.)

எப்படிப் போட்டேன் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் என்மேல் பழி போடுகிறார்கள். வீட்டுப் பின்னால் விளைந்த இரண்டு பழம். அடிக் கண்கள் மஞ்சளாகி, மூக்கருகே கொண்டுபோனால் வாயூறும் பதம். தோலைத் தடிப்பாகச் சீவி, நன்றாகக் கழுவி, அதையும் நடுத்தண்டையும் தட்டிய இஞ்சி, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்போடு கொதிக்கவைத்தேன். சதையைத் தேங்காய்த் துருவியில் தேய்த்துத் துருவினேன். கொதித்த தண்ணீர் ஆறியதும் துருவலை அதில் சேர்த்து, உப்பு ஒரு சிட்டிகை, எலுமிச்சை இரண்டு. பிறகு சீனி. ஒரு வாரம் நானும் என் வீட்டுக்காரரும் கசப்புக் காப்பி குடித்து மிச்சம் பிடித்த ரேஷன் சீனி, மொத்தமும். இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. வாசனைக்காகக் கொதிக்கவைக்காத பச்சைத் தோல் நாலு துண்டையும் உள்ளே போட்டு, மண்பானையில் துணியைக் கட்டி, அடுப்படியின் கதகதப்பில் ஒரு நாள் ஊறட்டும் என்று வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தால் மேலே மெல்லிய நுரை. பழம் நல்ல பழம் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வாய் குடித்தேன். நாக்கு சுருக்கென்றது. இஞ்சி அருமையாக இறங்கியிருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். வடிகட்ட அவர்தான் காயத்துக்குக் கட்டும் சல்லாத் துணி கொண்டுவந்தார். ஊற்றிவைக்கப் புட்டி வேண்டும் என்றேன். பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய மருந்துப் புட்டி கொண்டுவந்தார். மூன்று முறை கொதிநீரில் போட்டு எடுத்தும் அதன் மேலிருந்த சிவப்புத் தாள் மட்டும் போகவில்லை. "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"யாரு இதெல்லாம் படிக்கப் போறா?" என்றார் அவர்.

புட்டியை வாய்வரை நிரப்பி, தக்கையைக் கட்டையால் தட்டி இறுக்கினேன். சீனியும் மருந்துப் புட்டியும் ஒன்றாகக் கேட்டைத் தாண்டப் போகின்றன என்பது பெரட்டுக் களத்தில் நாற்காலிமேல் நின்ற எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. உத்தரவு என்பது மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவது என்று எங்கோ மனத்தில் படிந்துபோயிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை. சிரம்பானுக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப்போகும் தோட்டத்து லாரி ஆறே முக்காலுக்குப் புறப்படும். முன்னால் போலீஸ் வண்டி காவலுக்குப் போகும். அது யாருக்காகவும் நிற்காது. அந்த மாதம்தான் சாலை வளைவு ஒன்றில் ஒரு லாரியைச் சுட்டிருந்தார்கள். எனக்கும் வசந்தாவுக்கும் டிரைவர் சின்னையா பக்கத்தில் இடம் கொடுக்கத் துரை அனுமதித்திருந்தார். பரீட்சை ஒன்பது மணிக்கு.

கேட்டில் பால் வெட்டுப் பெண்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் காளியம்மா. சாக்குத் துணி கட்டிய மறைப்பில் அஞ்சலை ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். வசந்தாவைப் பார்த்தாள், சிரித்தாள், போகச் சொன்னாள். என் கூடையைத் தூக்கினாள். அதன் கனம் அவள் முகத்தில் தெரிந்தது.

"டீச்சர், இது என்னா?"

"தண்ணீர்."

"தண்ணி இந்தக் கலர்லயா இருக்கும்?"

"அன்னாசித் தண்ணி அஞ்சலை. பிள்ளைக்கு."

"சீனி போட்டிருக்கா?"

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று தினமும் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். அதனால் பொய் சொல்லவில்லை. "பழத்திலேயே இனிப்பு உண்டு" என்றேன். (இது பொய்யில்லை, பாருங்கள்.)

அஞ்சலை தக்கையின் ஓரத்தில் கசிந்திருந்த பிசுக்கை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"பழம் இப்படி இனிச்சா, நான் எதுக்கு டீச்சர் சீனி வாங்க ரேஷன் கடையில நிக்கிறேன்? போட்டிருக்கீங்க."

"அதெல்லாம் கரைந்துவிட்டது."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. காளியம்மா திரும்பி, என் குரலைப் போலவே நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "கரைந்தாலும் சீனி சீனிதான் டீச்சர். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறது."

பின்னால் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள்: "அதுவும் குற்றம்தான்!"

பத்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தும் ஒரு வகுப்பில்கூட இத்தனை ஒற்றுமையாகப் பாடம் ஒப்பித்து நான் கேட்டதில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் தலைவரான மாட் நோர் வந்தார். எல்லோரும் கோப்பரல் என்று கூப்பிடும் அந்த மலாய்க்காரர் தோட்டங்களிலேயே வளர்ந்தவர். தமிழ் பேசுவார். புட்டியை வாங்கிச் சிவப்புத் தாளைப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பு என்றால் என்ன என்று தெரியும்.

"டீச்சர், இது ஊபாட். மருந்து. மருந்தும் வெளிய போகக் கூடாது லா."

"மருந்து இல்லை கோப்பரல். குடிக்கிற தண்ணீர்."

"மருந்துப் புட்டியில ஏன் தண்ணி?"

"வேறு புட்டி இல்லை."

அவர் புட்டியைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்தார். (இந்த இடத்தில் நான் "குலுக்காதீர்கள்" என்று சொன்னதாக என் மகள் சொல்கிறாள். சொன்னேனா என்று எனக்கே தெரியாது.) நன்றாகக் குலுக்கிவிட்டு, கட்டை விரலைத் தக்கையின் அடியில் கொடுத்து நெம்பினார்.

டப்!

தக்கை பறந்துபோய்க் காவல் கொட்டகையின் தகரக் கூரையில் அடித்தது. இரண்டாவது டப். மூன்று கான்ஸ்டபிள்கள் தரையோடு தரையாகப் படுத்தார்கள். ஒருவர் படுத்த நிலையிலேயே துப்பாக்கியை லயத்துப் பக்கம் நீட்டினார். பெண்கள் வாளிகளைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தார்கள். ஏதோ ஒரு வீட்டில் "சுட்டுட்டான்டோய்!" என்று கத்தினார்கள். ஆபத்துக்கு அடிப்பதற்காகக் கட்டியிருந்த தண்டவாளத் துண்டை யாரோ டாண் டாண் என்று அடிக்கத் தொடங்கினார்கள். காளியம்மா வசந்தாவின் மேல் விழுந்து அவளை மறைத்துக்கொண்டிருந்தாள்.

நின்றுகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோப்பரல். நெஞ்சிலிருந்து பெல்ட் வரை நுரை வழிய, அடிபட்டுவிட்டோமா இல்லையா என்று தெரியாமல் தன் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் நான். தைரியத்தால் நிற்கவில்லை, கால் மடங்கவில்லை. ஆனால் வாய் மட்டும் வேலை செய்தது.

"புட்டியை நேராப் பிடிங்க! கொட்டுது!" என்று கத்தினேன்.

அதற்குத்தான் கோப்பரலுக்குக் கோபம் வந்தது. குண்டுக்குக்கூட அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார். ஒருவரும் நகரக் கூடாது, மணி அடித்தாகிவிட்டது, இனி வெள்ளைக்கார ஆபீசர் வந்து எழுதினால்தான் ஆகும் என்றார். "ஊத்துங்க" என்று புட்டியை என்னிடம் நீட்டிச் சாக்கடையைக் காட்டினார்.

"ஊற்ற மாட்டேன்" என்றேன்.

"டீச்சர்..."

"கோப்பரல், உத்தரவை மொழிபெயர்த்தவள் நான். வெளியே கொண்டுபோகக் கூடாது என்றுதான் இருக்கிறது. உள்ளே குடிக்கக் கூடாது என்று இல்லை. நான் நிற்கிற இடம் வேலிக்கு உள்ளே."

அவர் தரையைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். என் செருப்பு உள்ளேதான் இருந்தது. "போலே, சரி" என்று அரை மனத்தோடு சம்மதித்தார்.

வசந்தாவை வேலிக்கு உள்ளே கூப்பிட்டுத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஒரே மூச்சில் குடித்தாள். "இன்னும்மா" என்றாள். இரண்டாவது தம்ளரையும் குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டாள். லாரி ஹாரன் அடித்தது. சின்னையா தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"டீச்சர், முன்வண்டி கெளம்பிருச்சு! ஏறுறீங்களா, நான் போகவா?"

நான் ஓர் அடி வைத்தேன். கோப்பரல் குறுக்கே நின்றார். "டீச்சர் போக முடியாது. ஆபீசர் வரணும்."

அந்தக் கணத்தை நான் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. துப்பாக்கி சுட்ட வளைவு வழியாகப் பதினொரு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அவள் ஒரு வருஷப் படிப்பையும், இனி வராத வாய்ப்பையும் அந்தக் கேட்டிலேயே விட்டுவிட வேண்டும். எல்லாம் என் புட்டியால். நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை முன்னால் வந்தாள்.

"பிள்ளய நான் சோதிச்சுட்டேன் கோப்பரல். அதுகிட்ட ஒண்ணுமில்ல. டீச்சரம்மாதான் குத்தவாளி. பிள்ள போகட்டும்."

காளியம்மா வசந்தாவின் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டி, தூக்கி லாரியில் ஏற்றினாள். "பயப்படாத ஆயா, போயி எழுதிட்டு வா. உங்கம்மாள நாங்க பாத்துக்கிறோம்." வசந்தா பென்சில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் கோப்பரலைத் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

லாரியின் தூசி அடங்கும்வரை நின்றேன். பிறகு காவல் கொட்டகையின் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகக் கூடாது என்ற பிடிவாதத்தில் மிச்சத்தைக் குடிக்கத் தொடங்கினேன். காளியம்மாவிடம் ஒரு தம்ளர் நீட்டினேன். "என் காப்பித் தண்ணிய ஊத்துனப்ப எனக்கு யாரும் இந்தச் சட்டத்தச் சொல்லலியே டீச்சர்" என்றாள். ஆனால் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கோப்பரல் வரிசையைப் போகவிட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு மற்றப் பெண்களோடு வேலைக்குப் போனாள்.

ஏன் அப்படிப் பார்த்தாள் என்பது என் வீட்டுக்காரர் ஓடிவந்த பிறகுதான் தெரிந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தவர் என்னைத் தொட்டுப் பார்த்தார், காயம் இல்லை என்று தெரிந்ததும் புட்டியை எடுத்து மோந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"ஏம்மா, இத எப்ப போட்ட?"

"சனிக்கிழமை."

"தோலோடவா ஊறவெச்ச?"

"வாசனைக்கு."

"இது பொங்கிப் புளிச்சிருக்கும்மா. கள்ளுக்கடை வாசம் அடிக்குது. பிள்ள எவ்வளவு குடிச்சிச்சு?"

"இரண்டு தம்ளர்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். தோட்டத்தில் கள் ஒழிப்புச் சங்கத்தின் தலைவி யார் என்று நினைக்கிறீர்கள்? ஆமாம். அந்தத் தலைவி தன் ஒரே மகளைக் காலை ஆறரை மணிக்கு இரண்டு தம்ளர் ஏற்றி, வாழ்க்கையின் ஒரே பரீட்சைக்கு அனுப்பியிருந்தாள்.

"பிள்ள அங்க போயித் தள்ளாடாம இருந்தா சரி" என்றார் அவர், மெதுவாக.

ஆபீசர் வந்தபோது நான் மூன்றாவது தம்ளரை முடித்திருந்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. என் வாழ்நாளில் அன்றைக்குப் பேசியதுபோல் ஆங்கிலம் நான் பேசியதில்லை. இலக்கணம் எங்கேயோ இருந்து ஓடோடி வந்து வரிசையில் நின்றது. இது என் மகளின் காலை ஆகாரம் என்றேன். ஓர் அரசாங்கம் ஒரு பிள்ளையின் காலை ஆகாரத்துக்குப் பயப்படுவது அழகா என்று கேட்டேன். அவர் சிவப்புத் தாளை வாசித்தார்.

"அம்மா, இதை உள்ளுக்கா குடித்தீர்கள்?"

"மூன்று தம்ளர்."

"இப்போது எப்படி இருக்கிறது?"

"கோபமாக இருக்கிறது. உங்கள் வண்டியில் ரேடியோ இருக்கிறதல்லவா? எங்கள் லாரி சிரம்பான் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள். பிறகு என்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போங்கள்."

கோப்பரல் கண்ணை மூடிக்கொண்டார். ஆபீசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போனார். திரும்பி வந்து, லாரி எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது, வழியில் ஒன்றும் இல்லை என்றார். அப்போதுதான் தம்ளரைக் கீழே வைத்தேன். பெஞ்சில் இடம் விட்டு அவரையும் உட்காரச் சொன்னேன்.

தண்டனை: எங்கள் வீட்டுக்கு இரண்டு வாரம் சீனி கிடையாது. உத்தரவைப் பெரட்டுக் களத்தில் நான் மறுபடி வாசிக்க வேண்டும், பழத் தண்ணீரும் சேர்த்தி என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வாசித்தேன். நான் தொடங்கும் முன்பே ஜனங்கள் முடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் ஆங்கிலத் தாளில் இல்லாத ஒரு வரியை என் மொழிபெயர்ப்பில் நான் சேர்த்தேன்: "வெளியே கொண்டுபோக முடியாததை எல்லாம் கேட்டுக்கு உள்ளேயே நின்று வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போகலாம், ஊற்றச் சொல்ல ஒருவருக்கும் அதிகாரம் இல்லை." துரை இந்த முறையும் கை தட்டினார். மறுநாளிலிருந்து கேட்டில் ஒரு காப்பித் தண்ணீரும் சாக்கடைக்குப் போகவில்லை. அதைப் பற்றி இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் சர்பத் கொடுத்தாலும் யாராவது ஒருவர் தம்ளரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர் போட்டதா?" என்று கேட்காமல் குடிப்பதில்லை. பாரோயில் இருக்கும் என் நாத்தனார் நான் வீட்டுக்குள் நுழைந்தாலே பிள்ளைகளைப் படுக்கச் சொல்லுவாள், தரையோடு. நான் ஒவ்வொரு வெயில் காலத்திலும் அன்னாசித் தண்ணீர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தோலோடு. அரை நாள் மட்டும் ஊறவைக்கிறேன், அவ்வளவுதான் நான் விட்டுக்கொடுத்தது.

அன்றைய நாளின் மிச்சத்தைச் சொல்லவில்லை. மத்தியானம் சோறு பொங்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றோம், உட்கார்ந்தோம், மறுபடி நின்றோம். அவர் ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி நேரம் போயிருக்கும். வேலை முடிந்து திரும்பிய பெண்களும் வீட்டுக்குப் போகாமல் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். பிள்ளை பரீட்சை மண்டபத்தில் மயங்கி விழுந்திருப்பாள் என்று நினைத்தேன். விழாவிட்டால் பாடியிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டில் எது பரவாயில்லை என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு லாரி வந்தது. வசந்தா தானே குதித்து இறங்கினாள். ஒரு பக்க ரிப்பனைக் காணோம். கன்னத்தில் லாரி சீட்டின் வரி அப்படியே பதிந்திருந்தது. நான் அவளைப் பிடித்து வாயை மோந்து பார்த்தேன்.

"மயக்கம் வந்துச்சா? தலை சுத்துச்சா?" என்றார் அவள் அப்பா.

"இல்லப்பா. போறப்ப லாரியில ஏறுனதும் தூங்கிட்டேன், வர்றப்பவும்தான். சின்னையா மாமா எழுப்பித்தான் முழிச்சேன். பயமே வரல."

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"பரீட்சை எழுதுனியா?" என்றாள் அஞ்சலை.

"எழுதுனேன் அக்கா. கடைசியில அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர், ஒரு வெள்ளைக்கார அம்மா, தனியாக் கூப்பிட்டுப் பேசுனாங்க. எல்லாரும் அம்மாவோட வந்திருக்காங்களே, உன் அம்மா எங்கேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"எங்கம்மாவப் போலீஸ் புடிச்சு வெச்சிருக்காங்கன்னு சொன்னேன்."

"ஐயோ!" என்று அவள் அப்பா லாரிச் சக்கரத்தின்மேல் சாய்ந்தார்.

"ஏன்னு கேட்டாங்க. நான் பசியில மயங்கி விழுந்துடுவேன்னு அன்னாசித் தண்ணி போட்டுக் கொண்டாந்தாங்க, அதுக்குத்தான்னு சொன்னேன். நீங்க சொல்லிக்குடுத்த இங்கிலீஷ்லதான்மா சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்னடி சொன்னாங்க?"

வசந்தா கன்னத்துக் கோடுகளைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். ஒன்றையும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டுமே என்கிற கவனம்.

"என் பேரு, வயசெல்லாம் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் ஜனவரியில வந்து சேந்துக்கன்னாங்க. பள்ளிக்கூடத்துல குழாய் இருக்கு, தண்ணி மட்டும் கொண்டு வர வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லுன்னாங்க."